முதல் சேர்வருக்குக் காசு அனுப்ப முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

ஊரிலுள்ள எல்லோருக்கும், வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் பழைய மாணவர்களுக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கடந்தகால வினாத்தாள்கள், ஆசிரியர்களின் குறிப்புகள், ஹல்துமுல்லையின் பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க எமக்கென்று ஒரு டெடிகேட்டட் சேர்வர் எடுப்போம் என்ற பேச்சு இரண்டு வாரமாக குரூப்பில் ஓடுகிறது. கட்டாரிலுள்ள தம்பிமார் காசு தரவும் தயார். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில், இப்போதைக்கு அது வேண்டாம் என்றே படுகிறது. ஏன் என்று சொல்கிறோம், பிழை இருந்தால் திருத்துங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு உதாரணம். ஷெயார்ட் ஹோஸ்டிங் என்பது லயத்தில் ஒரு காம்பரா மாதிரி. பக்கத்துக் காம்பராவில் சத்தம் போட்டால் நமக்கும் தூக்கம் போகும். வீபிஎஸ் என்பது ஒரு பெரிய வீட்டில் தனிக் கதவுள்ள அனெக்ஸ். டெடிகேட்டட் என்றால் முழு வீடும் நமக்கு, ஒரு முழுக் கம்ப்யூட்டரையே மாத வாடகைக்கு எடுப்பது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கூரை ஒழுகினால் நாமேதான் ஏற வேண்டும். அப்டேட் போடுவது, ஃபயர்வோல் பூட்டுவது, இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால் எழும்பிப் பார்ப்பது எல்லாம் நம் தலையில். யார் பார்ப்பது? குரூப்பில் இந்தக் கேள்வியை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

இனி அளவு. பத்துப் பக்க வினாத்தாள் ஒன்றை ஸ்கேன் பண்ணினால் சுமார் 3 எம்பி. ஆயிரம் வினாத்தாள் என்றாலும் 3 ஜீபிதான், ஒரு 32 ஜீபி பென் ட்ரைவில் பத்தில் ஒரு பங்கு. உயர்தரப் பரீட்சைக்கு முதல் நாள் இருநூறு பிள்ளைகள் ஒன்றாக வந்தாலும் சின்ன வீபிஎஸ் ஒன்று தாங்கும். அது மாதம் 5, 10 டொலருக்குள் கிடைக்கிறது. டெடிகேட்டட் 60 டொலர் என்று வையுங்கள். 300 ரூபா வீதம் மாதம் 18,000, வருடம் 216,000 ரூபா. அதுவும் டொலரில் கட்ட வேண்டிய பில். 2022 இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை மறந்துவிட்டோமா?

"அப்ப ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கி லேப்பிலேயே வைப்போமே சேர்" என்று ஒரு மகன் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். நம் மலையில் இடி மின்னல் வேறு.

எங்களைப் பயமுறுத்துவது செலவை விட இன்னொன்று. பெரிய இடத்தில் வைத்தால் பத்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்து போனது. டெடிகேட்டட் சேர்வர் வாடகைக்கு விடுவதில் உலகத்திலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. 36 இலட்சம் இணையத்தளங்கள் படுத்தன. பிள்ளைகள் விளையாடும் 'ரஸ்ட்' கேமின் ஐரோப்பிய சேர்வர்களில் இருந்தது திரும்பக் கிடைக்கவே இல்லை. அவ்வளவு தூரம் ஏன், 2023 ஓகஸ்டில் நம் நாட்டின் அரச கிளவுட்டிலேயே ரன்சம்வெயார் புகுந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்கு வேறொரு இடத்தில் பிரதி இருக்கவில்லை.

சேர்வருக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று கெட்டால் மற்றது இருக்கும் என்பார்கள். உண்மை. ஆனால் ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அதை பேக்கப் என்று நினைக்கக் கூடாது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்தது நம் பிரதேச செயலாளர் பிரிவுக்குள்தான். உயிர்களோடு ஒப்பிட்டால் கடதாசி ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டோடு சேர்ந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், கல்யாணப் படமும், பிள்ளையின் கொப்பியும் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். ஒரே இடத்தில் ஒரே ஒரு பிரதியாக இருப்பது எப்படிப் போகும் என்று வேறு யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்லிவிடுகிறோம். முன்பு பாடசாலைக்கு ஒரு இணையத்தளம் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். டொமைன் பெயர் ஒரு தனியாளின் மெயிலில் பதியப்பட்டிருந்தது. அவர் வெளிநாடு போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலை ஒருவரும் பார்க்கவில்லை. தளமும் போனது, ஆறு வருடப் படங்களும் போயின. அவரில் குறை இல்லை, கேட்காமல் இருந்தது நாங்கள்.

அதனால் எங்கள் யோசனை இதுதான். டொமைனைப் பாடசாலையின் பெயரில், இரண்டு பேர் பார்க்கக்கூடிய மெயிலில் எடுப்போம். சிங்கப்பூரில் ஒரு சின்ன வீபிஎஸ், மாதாமாதம் கட்டுவதாக. ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டாம். ஒரு பிரதி வேறொரு நிறுவனத்தில், இன்னொன்று ஹார்ட் டிஸ்க்கில் அதிபர் அலுமாரியில். மாதம் ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து ஒரு வினாத்தாளைத் திறந்து பார்க்க வேண்டும், திறக்காவிட்டால் அது பிரதியே இல்லை. ஏ.எல். முடித்த இரண்டு பிள்ளைகளுக்கு லினக்ஸ் படிக்க மிச்சக் காசில் உதவுவோம், ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக. வீடியோ பாடங்கள் சேர்ந்து வீபிஎஸ் திணறத் தொடங்கினால் அப்போது டெடிகேட்டட் எடுக்கலாம், பார்க்கத் தெரிந்த ஆளும் இருப்பார். தருகிற காசு அமானிதம், கணக்கு மாதாமாதம் இங்கே போடப்படும்.

எதிர்வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் கூடுவோம். தோட்டத்துப் பெற்றோரும் வர வேண்டும் என்பதால்தான் பள்ளிவாசலில் வைக்கவில்லை. 2000 க்கு முந்திய வினாத்தாள் வீட்டில் இருந்தால், கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, கையோடு கொண்டு வாருங்கள்.