ஓடவில்லையா, ஓட விடவில்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

"சார், லினக்ஸ் போட்டால் அந்தக் குட்டித் திரை வேலை செய்யாது. பேசாமல் விண்டோஸிலேயே இருங்கள்." ரிச்சி தெருவிலும் இதைக் கேட்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறேன், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கிறேன். இது பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து. முழுப் பொய் என்றால் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும்.

எந்தக் குட்டித் திரை என்று கேட்பவர்களுக்கு: 2018இல் அசுஸ் நிறுவனம் தன் ஜென்புக் ப்ரோ லேப்டாப்பில், டச்பேட் இருக்கும் இடத்தில் 5.5 அங்குலத் தொடுதிரை ஒன்றை வைத்தது. பெயர் ஸ்கிரீன்பேட். அடுத்த வருஷம் ஜென்புக் ப்ரோ டுவோ வந்தது. அதில் கீபோர்டுக்கு மேலே 14 அங்குலத்தில் அகலமான இரண்டாம் திரை. மேலே வேலை, கீழே கால்குலேட்டர், பாட்டு. நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்லவில்லை.

லினக்ஸில் என்ன நடக்கிறது? திரை உயிரோடுதான் இருக்கிறது. வெளியே இன்னொரு மானிட்டர் மாட்டினால் எப்படித் தெரியுமோ, அப்படி இரண்டாம் திரையாகத் தெரிகிறது. படத்தை அனுப்பும் வழி உலகம் முழுவதும் பொதுவானது, அதனால் அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது வெளிச்சத்தில். கூட்ட முடியாது, குறைக்க முடியாது, அணைக்க முடியாது. ராத்திரி முழுக்கப் பளீரென்று எரிந்து பேட்டரியைக் குடிக்கும். காரணம், அந்த ஸ்விட்ச் மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள் ஒரு எண்ணாக ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணை அழைக்கும் மென்பொருளை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது.

தேனாம்பேட்டையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாய் நம் போர்ஷனில், மோட்டார் ஸ்விட்ச் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள். தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைத் திட்டுவோமா? ஆனால் லினக்ஸ் விஷயத்தில் குழாயைத்தான் திட்டுகிறோம். இதில் கூடுதல் கொடுமை, நாம் வாடகைக்காரர் கூட இல்லை. முழுப் பணமும் கொடுத்து, பலர் இஎம்ஐ கட்டி, வாங்கிய பொருள் இது.

அப்புறம் அந்த ஸ்விட்சைக் கண்டுபிடித்தது யார்? தன்னார்வலர்கள். ஃபர்ம்வேரைத் துருவி, எந்த எண்ணுக்கு எந்த வேலை என்று கண்டுபிடித்து, தனி மாட்யூலாக எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு அந்த வசதி லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. 2024 ஜனவரியில் வெளியான 6.7 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

ஆகவே "ஓடவில்லை" என்று தீர்ப்பு எழுதும் முன் ஒரு நிமிஷம் செலவழியுங்கள். டெர்மினலைத் திறந்து 'யுநேம்' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் 'ஆர்' எழுத்தும் போட்டால் கர்னல் எண் வரும். டெபியன் 12 வந்தது 6.1 கர்னலோடு, அதில் இது கிடையாது. உபுண்டு 24.04இல் 6.8, டெபியன் 13இல் 6.12. இரண்டிலும் உண்டு. டுவோ வகையில் கீழ்த்திரையைத் தொட்டால் மேல்திரையில் அம்பு நகர்கிறதா? அது பழுது இல்லை. எந்தத் தொடுதிரை எந்த மானிட்டருக்கு என்று அமைப்பில் ஒரு முறை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் அந்தக் குட்டித் திரைக்கென்று வரும் ஆப் மெனு, கையெழுத்துப் பலகை எல்லாம் லினக்ஸில் கிடைக்காது. எல்லா மாடலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. "வேலை பார்க்கவே நேரமில்லை, இதையெல்லாம் யார் செய்வது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் விற்றவரிடம். நம் கேள்வியெல்லாம் சம்பளமே வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர்கள் மேல் பாய்கிறதே, அதுதான் என் ஆத்திரம்.

இது ஒரு குட்டித் திரையோடு முடிகிற கதையும் இல்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் எத்தனை வீடுகளில் பரணுக்குப் போயின! ஆப்பிள் 2016இல் கொண்டாடிக் கொண்டுவந்த டச் பார், 2023இல் விற்பனையிலிருந்தே மறைந்தது. நிறுவனத்தின் ஆர்வம் நாலைந்து வருஷம். பொருளின் ஆயுள் பத்து வருஷம். மிச்ச வருஷங்களுக்கு அதை யார் பார்த்துக்கொள்வது? சாவி வெளியே இருந்தால் யாராவது பார்த்துக்கொள்வார்கள். உள்ளேயே பூட்டியிருந்தால் காயலான் கடைதான்.

"தனி மனுஷன் கேட்டால் கம்பெனி கேட்குமா?" கேட்காது. மொத்தமாக வாங்குபவர் கேட்டால் கேட்கும். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. வாங்கிக் கொடுத்த எல்காட்டின் அலுவலகம் நந்தனத்தில், நம் தேனாம்பேட்டை சிக்னலிலிருந்து நடந்தே போகலாம். அந்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கொடுத்ததைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு வருத்தம். ஆனால் வாங்குபவர் நிபந்தனை எழுதினால் விற்பவர் செய்து தருவார் என்பதற்கு அது நம் வாசலிலேயே இருக்கும் சாட்சி.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். பழக்கம் விடவில்லை, மன்னியுங்கள்.

கம்பெனியிலும் கல்லூரியிலும் அரசு அலுவலகத்திலும் கணினி வாங்கும் இடத்தில் இருக்கும் பிள்ளைகளே, டெண்டரில் ஒரே ஒரு வரி சேருங்கள்: எல்லா பாகங்களும் லினக்ஸிலும் இயங்க வேண்டும்.

புதிதாக வாங்கப் போகும் மருமகன்களே, மருமகள்களே, பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே அதிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, கைரேகை, இரண்டாம் திரை. பத்து நிமிஷ வேலை. முடியாது என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: "என் பணம், என் திரை, அணைக்கும் ஸ்விட்ச் எங்கே?" நூறு பேர் கேட்டால் நூற்றியோராவது ஆளுக்குப் பதில் வரும்.

இனி யாராவது "லினக்ஸில் ஓடாது" என்றால் திருப்பி ஒன்று கேளுங்கள்: ஓடவில்லையா, ஓட விடவில்லையா?

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்,
தேனாம்பேட்டை