சொல்லும் பொருளும்: உஸ்தாத்

கச்சேரி அறிவிப்புகளில் ஒருவர் பெயருக்கு முன் ‘உஸ்தாத்’ என்றும், மற்றொருவர் பெயருக்கு முன் ‘பண்டிட்’ என்றும் காண்கிறோம். இப்பட்டங்களை வழங்கும் சபை எது என்று வடக்கே வாழும் நம் அன்பர்கள் வினவுவதுண்டு.

எந்தச் சபையும் வழங்குவதில்லை என்பதே விடை. ‘உஸ்தாத்’ பாரசீகச் சொல். ஆசான், தொழிலில் கைதேர்ந்தவர் என்பது பொருள். லாரி ஓட்டுபவரை அவரிடம் தொழில் பழகும் பையன் ‘உஸ்தாத்’ என்றே அழைக்கிறான். தமிழ் முஸ்லிம்கள் மார்க்கக் கல்வி புகட்டும் ஆசிரியரை ‘உஸ்தாது’ என்பர். இசையுலகில் முஸ்லிம் மேதையை உஸ்தாத் என்பதும், இந்து மேதையைப் பண்டிட் என்பதும் வழக்கு. மதிப்பில் இரண்டும் ஒன்றே.

சென்னை மரபு வேறு. மியூசிக் அகாடமி 1942-இல் ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை ஏற்படுத்தியது. 1968-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அதனைப் பெற்ற முதற் பெண்மணியானார். அதற்கு ஆண்டும் மேடையும் உண்டு. உஸ்தாதுக்கு அவை இல்லை. பல்லாண்டுச் சாதகமும், குருவிடம் பெற்றதைச் சீடருக்கு வழங்கும் திறனும் கண்டு, மூத்த கலைஞரும் ரசிகரும் தாமாகவே அவ்வாறு அழைக்கத் தொடங்குகின்றனர். குருவின் பெயரைச் சொல்லும்போது சீடர் தம் காதைத் தொட்டுக்கொள்வதும் அம்மரபின் பணிவே.

சொற்கள் இரண்டாயினும் கலை பிரிந்து நிற்கவில்லை. பண்டிட் ரவிசங்கரின் ஆசான் உஸ்தாத் அலாவுதீன் கான். கிரானா மரபின் முன்னோடியாகிய உஸ்தாத் அப்துல் கரீம் கான் தியாகராஜர் கீர்த்தனையைப் பாடி இசைத்தட்டில் பதித்தார். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், 1937-இல், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். அவருடைய சீடர் பண்டிட் பீம்சேன் ஜோஷி. உஸ்தாதின் வழியிலேயே பண்டிட் தோன்றினார்.

நம் சங்க விழாக்களுக்கு அறிவிப்பு எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரங்கேற்றம் முடிந்த மறுமாதமே இளைஞர் பெயருக்கு முன் பெரும் பட்டங்களைச் சேர்க்க வேண்டா. அன்பினால் செய்வதே எனினும், அது கற்கும் பிள்ளைக்குக் கற்றது போதும் என்னும் எண்ணத்தைத் தரும். எல்லோரும் உஸ்தாத் ஆகிவிட்டால், உண்மையான ஆசான் நம் நகருக்கு வரும் நாளில் அவரை அழைக்க நம்மிடம் சொல் இராது.