காய்ச்சலோடு கடைக்கு வருவது கடமை ஆகாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தமிழகத்தில் ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் கூடுகிறது. நம் மாவட்டத்தில் வணிகம் உச்சத்தைத் தொடும் காலமும் அதுவே. தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்ப பக்தர்கள் என்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடைவீதிக் கூட்டம் ஓய்வதில்லை. நோய் பரவும் பருவத்தில்தான் பணியாளருக்கு விடுப்பும் கிடைப்பதில்லை. மழைக்காலத்தோடு இது முடிவதும் இல்லை. எச்3என்2 வகை ஃப்ளூ பரவிய 2023ஆம் ஆண்டு, மார்ச் 10 அன்று தமிழக அரசு 1,000 காய்ச்சல் முகாம்களை நடத்த வேண்டியிருந்தது.

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, உணவகம், வங்கி போன்ற இடங்களில் பணிபுரிவோர் நாள் முழுதும் பலரோடு மிக அருகில் நின்று பேசுகின்றனர். இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றில் வெளிப்படும் நுண்துளிகள் வழியே ஃப்ளூ பரவுகிறது. இளமையும் நலமும் உடையவருக்கு அது சில நாள் துன்பம். கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தோர், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கு அது நிமோனியாவாக முற்றக்கூடும். இவர்களும் கடைக்கு வரவே செய்வர். அன்றியும், பகலில் கடையில் நிற்பவர் இரவில் நோயாளியின் படுக்கையருகே துணையிருப்பவராகவும் இருக்கலாம்.

கடை வாசலில் கைகழுவும் திரவம் வைத்திருப்பது நன்று. ஆனால் உள்ளே காய்ச்சலோடு ஒருவர் பில் போட்டுக்கொண்டிருந்தால் அதனால் பயன் சிறிதே. பாராசிட்டமால் மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், தொற்றைத் தடுக்காது. எனவே சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பே முதல் தடுப்பு என்பது எங்கள் கருத்து.

மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்கு வருபவரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடுகள் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாட்கள் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு அளிக்கிறது. இது சலுகையன்று, உரிமை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்போர் நோயுற்றால், தகுதிக்கு உட்பட்டு, ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். ஆனால் முதல் 2 நாட்களுக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. ஃப்ளூ மிகுதியாகத் தொற்றுவதோ நோயின் முதல் 3 நாட்களில்தான். அந்த இடைவெளியை முதலாளிதான் நிரப்ப வேண்டும்.

“சீசனில் ஆளை விட்டால் வியாபாரம் என்னாவது?” என்று முதலாளிகள் கேட்பது இயல்பே. ஒருவரை வீட்டில் இருக்கச் சொன்னால் ஓராள் குறைவு. அவரை வரச் சொன்னால் அதே வாரத்தில் உடன் நிற்பவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் படுக்க நேரலாம்.

விடுப்பு மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அறிகுறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்பே ஃப்ளூ தொற்றத் தொடங்கும். ஆகவே கடைகளில் காற்றோட்டம் வேண்டும். சோப்பால் 20 நொடி கைகழுவும் வழக்கமும், இருமல் உள்ளோர்க்கு முகக்கவசமும் வேண்டும். தடுப்பூசியை ஆண்டுதோறும் செலுத்திக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகுமாதலால் மழைக்கு முன்பே செலுத்திக்கொள்வது நலம். மாத்திரையின் துணையின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் கழிந்த பின்னரே பணிக்குத் திரும்புக.

மேலே கூறிய பாதிப்பு மிக்க பிரிவினர் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை அணுக வேண்டும். ஃப்ளூவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவை எவருக்குத் தோன்றினாலும் தாமதம் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

வாடிக்கையாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. வழக்கமாக நிற்கும் பணியாளர் ஒருநாள் இல்லாமல் வரிசை நீண்டால், சற்றுப் பொறுத்திருப்போம். அவர் வீட்டில் ஓய்வெடுப்பது நம் வீட்டு நோயாளிக்கும் பாதுகாப்பு.