வீட்டில் பொங்கும் நொதிப்புக் கலங்கள்: மலைப்பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சுக்குப் பலியாயினர். இவற்றைத் தொடர்ந்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால், அதற்குக் காரணமானோருக்கு ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இத்திருத்தம் வழிசெய்கிறது.

இந்நிகழ்வுகளுக்குப் பின்னர், வீட்டில் நுரைத்துப் பொங்கும் எந்தத் திரவத்தையும் நஞ்செனக் கருதி அஞ்சுவோர் உண்டு. காலங்காலமாகச் செய்து வருவதுதானே என்று எதையும் பொருட்படுத்தாதோரும் உண்டு. இருசாராரும் உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. நீலகிரியில் கிறிஸ்துமஸ் காலத்துத் திராட்சை ஒயின், இஞ்சி பீர், அண்மைக்காலமாகக் கொம்புச்சா எனப் பல பானங்கள் வீடுகளில் நொதிக்கவைக்கப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தபோது, இணையக் காணொலிகளைப் பார்த்துப் பீர் தயாரிக்கவும், குக்கரில் சாராயம் காய்ச்சவும் முயன்றோரும் இருந்தனர்.

சட்டநிலையை முதலில் தெளிவாக்கிவிடலாம். உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றமாகும். சொந்தத் தேவைக்கென்று செய்தாலும் அது குற்றமே. தேவாலாவை அடுத்துள்ள கேரளத்திலும், கிறிஸ்துமஸுக்காக வீட்டில் ஒயின் தயாரிப்பது தண்டனைக்குரியது என்று அம்மாநிலக் கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்தது. எனவே இப்பக்கம் பீர் தயாரிக்கும் முறையைக் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு கலம் வீட்டில் பொங்கிக்கொண்டிருந்தால் குடும்பத்தார் காயமடையாமல் இருப்பதற்கும், நோயாளிகள் தவிர்க்க வேண்டியவற்றை அறிவதற்குமே இவ்விளக்கம்.

பொங்குவது ஏன்?

இட்லி மாவு இரவில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிவதை அறியாத வீடு இல்லை. பானங்களிலும் அதே வகையான செயல் நிகழ்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு, ஏறத்தாழச் சரிபாதி ஆல்கஹாலாகவும் சரிபாதி கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் நொதித்தால் 250 லிட்டருக்கும் அதிகமான வாயு வெளிப்படும். இவ்வளவு வாயு வெளியேறியாக வேண்டும். வழி கிடைத்தால் நுரையாகப் பொங்கி வழியும். வழி கிடைக்காவிட்டால் கலத்தை உடைக்கும்.

பொங்கும் வேகம் சர்க்கரையின் அளவு, ஈஸ்ட்டின் அளவு, வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றுள் வெப்பநிலையே மலைப்பகுதியில் மிகுதியாக ஏமாற்றுவது. பீருக்குப் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை அமைதியாகச் செயல்படும். 30 டிகிரியை நெருங்கினால் சீறும். நொதித்தலே வெப்பத்தை வெளிவிடுவதால், கலத்தின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

உதகையில் டிசம்பர் குளிரில் மூன்று வாரம் மெதுவாக நொதிக்கும் ஒரு செய்முறை, அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும் தேவாலாவில் சில நாள்களிலேயே பொங்கி வழியலாம். உறவினர் சொன்ன நாள் கணக்கு வேறு உயரத்திற்குப் பொருந்தாது. இதற்கு நேர்மாறான நிலைமைதான் மிகவும் ஆபத்தானது. குளிரில் நுரை அடங்கியதும் நொதித்தல் முடிந்துவிட்டதாக எண்ணிப் பாட்டிலில் அடைத்து மூடுகின்றனர். உண்மையில் ஈஸ்ட் உறங்குகிறது, சர்க்கரை மிச்சமிருக்கிறது. அந்தப் பாட்டில் பேருந்தில் கூடலூருக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கினாலும், அடுப்பங்கரை அலமாரியில் வைக்கப்பட்டாலும், ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு லிட்டரில் நூறு கிராம் சர்க்கரை மிச்சமிருந்தால், உருவாகக்கூடிய வாயு சாதாரண பீர் பாட்டிலில் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். எந்தக் கண்ணாடிப் பாட்டிலும் அதைத் தாங்காது.

தென்னகத்துச் சிரபுஞ்சி எனப்படும் தேவாலாவில் மழைக்காலத்தில் சன்னல்களை அடைத்து, ஈரத்திற்கு அஞ்சி எல்லாவற்றையும் இறுக மூடி வைப்பது இயல்பு. நொதிக்கும் கலத்திற்கு மட்டும் இப்பழக்கம் ஆகாது.

பொங்கும் கலத்தை என்ன செய்வது?

மூடியை ஒருபோதும் இறுக்கக் கூடாது. வாயு வெளியேறும்படி சுத்தமான துணியால் வாயைக் கட்டுவது போதும். கலத்தில் கால் பங்கிற்கு மேல் வெற்றிடம் இல்லையெனில், ஒரு பகுதியை வேறு பாத்திரத்திற்கு மாற்ற வேண்டும். பழத்தோலும் இஞ்சிச் சக்கையும் நுரையோடு மேலெழுந்து வாயு வெளியேறும் துளையை அடைத்துக்கொள்ளும். இதனால் கலம் வெடிக்கக்கூடும் என்பதால் குறுகிய வாயுள்ள பாத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. கலத்தைக் குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் நிறுத்தினாலோ, ஈரச்சாக்கைச் சுற்றினாலோ வேகம் தணியும். குலுக்கவோ கிளறவோ கூடாது. கரைந்துள்ள வாயு ஒரே நொடியில் சீறியெழும்.

ஏற்கெனவே மூடப்பட்ட கண்ணாடிப் பாட்டில் ஐயத்திற்கு உரியதாக இருந்தால், குழந்தைகளை முதலில் அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள். பாட்டிலின் மேல் கனத்த ஈரச்சாக்கையோ போர்வையையோ போட்டுப் பல மணி நேரம் குளிர விடுங்கள். பின்னர் கண்ணாடி அணிந்து, கைகளில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை விலக்கி, சாக்கை அகற்றாமலே மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

கண்ணாடித் துண்டு கண்ணில் பாய்ந்திருந்தால் கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கழுவவோ கூடாது; துண்டைப் பிடுங்கவும் கூடாது. கண்ணைத் தொடாதவாறு ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி, 108 ஊர்தியை அழையுங்கள். பந்தலூர் அல்லது கூடலூர் அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை பெறலாம். கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால், விடியட்டும் என்று காத்திருப்பது பார்வையை இழக்கச் செய்யலாம்.

மெத்தனால் எங்கிருந்து வருகிறது?

நுரை மிகுதியாகப் பொங்குவதால் பானம் மெத்தனால் நஞ்சாக மாறுவதில்லை. பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் உருவாவது உண்மையே. ஆனால் சாதாரண நொதித்தலில் அதன் அளவு மிகச் சிறிது. கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயமென்று விற்ற செயலாகும். ஆயினும் ஊறலைக் காய்ச்சி வடித்த திரவத்தையும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத சாராயத்தையும் எவரும் தொடக் கூடாது.

அத்தகைய சாராயம் குடித்தவருக்கு 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பின்னர் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பார்வையில் பனிமூட்டம் ஆகியவை தோன்றும். போதை தெளியட்டும் என்று தூங்கவிடுவதே பராமரிப்பவர்கள் செய்யும் பெரும் தவறு. ஃபோமெபிசோல், ஃபோலினிக் அமிலம், இரத்தச் சுத்திகரிப்பு ஆகிய சிகிச்சைகள் உள்ளன. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன்.

நோயாளிகளுக்குத் தனிக் கவனம்

வீட்டு இஞ்சி பீரும் கொம்புச்சாவும் ஆல்கஹால் அற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. வேகமாக நொதித்த பானத்தில், அளந்து பார்க்காமல் சொல்ல இயலாத அளவு ஆல்கஹால் இருக்கும். மெட்ரோனிடசோல் உட்கொள்பவர்கள் மருந்து முடிந்து மூன்று நாள்கள் வரையிலும், குடிமறப்புக்காக டைசல்ஃபிரம் உட்கொள்பவர்கள் நிறுத்திய பின் இரண்டு வாரங்கள் வரையிலும் இவற்றை அருந்தக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். கருவுற்றோரும் கல்லீரல் நோயாளிகளும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு உயிருள்ள ஈஸ்டே தொற்றாகலாம்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. பல மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் மருந்து, வடிகட்டாத பீரில் மிகுந்திருக்கும் டைரமின் என்னும் பொருளோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். மருந்து வழங்கும் காசநோய்ப் பணியாளரிடம் வீட்டில் அருந்தும் பானங்களையும் மறைக்காமல் தெரிவியுங்கள்.

குடிப்பழக்கத்திற்கு அடிமையான ஒருவர் வீட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியிருந்தால், கலத்தைக் கொட்டிவிட்டு அவரைத் திடீரென நிறுத்தச் செய்வதும் பாதுகாப்பன்று. கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் இரண்டு மூன்று நாள்களுக்குள் ஏற்படலாம். மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் குடும்பத்தாரும் ஆலோசனை பெறலாம்.