'ஸோ' போட்டால் போதுமா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, அடுக்களையை ஒழித்துப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். ஒன்பதாவது படிக்கும் என் பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆங்கிலக் கட்டுரை நோட்டு. தலைப்பு, 'மை மதர்'. இருபதுக்கு ஒன்பது மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: 'டோன்?' 'லாஜிக்?'

"ஸ்பெல்லிங் ஒரு தப்புகூட இல்லம்மா. எதுக்கு மார்க்கைக் குறைச்சாங்கன்னே தெரியலை."

"கொண்டா, பார்க்கலாம்."

"உனக்குப் புரியாதும்மா. நீ தமிழ் மீடியம்."

சுருக்கென்றது. பிளஸ் டூவோடு நின்ற படிப்புதான். அதற்காக விட்டுவிட முடியுமா? "சரி, எனக்குப் புரியாது. நீயே உரக்கப் படி. ஒவ்வொரு வரிக்கும் தமிழிலே அர்த்தம் சொல்லு" என்றேன்.

முதல் வரி, 'மை மம்மி இஸ் ஸூப்பர்.' மூன்றாவது வரி, 'தி அஃபோர்ஸெய்ட் லேடி பெர்ஃபார்ம்ஸ் ஹர் டொமெஸ்டிக் ட்யூட்டீஸ்.' அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்ல ஆரம்பித்தவள், "மேற்படி பெண்மணி..." என்றதுமே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிற மாதிரி இருந்தது!

முதல் வரி அவள் சிநேகிதியிடம் பேசுவது. மூன்றாவது வரி ஏதோ கைடு புத்தகத்திலிருந்து எடுத்தது. 'மகாராஜராஜஸ்ரீ' என்று ஆரம்பித்த கடிதத்தை 'டேய், வந்துட்டுப் போடா' என்று நாம் முடிப்போமா? டீச்சர் 'டோன்?' என்று கேட்டது இதைத்தான்.

இதற்கு வழி சுலபம். எழுதுமுன், 'இதை யார் படிக்கப் போகிறார்கள்?' என்று குழந்தை ஒரு தரம் யோசிக்க வேண்டும். படிப்பது டீச்சர் என்றால் 'மம்மி' வேண்டாம், 'மதர்' போதும். 'டோன்ட்' என்று சுருக்காமல் 'டூ நாட்' என்றே எழுதலாம். அதற்காக அகராதியைப் புரட்டிப் பெரிய வார்த்தையைத் தேடவும் வேண்டாம். பிஹாரில் மோதிஹாரி என்ற ஊரில் 1903-ல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சின்னச் சொல் போதுமான இடத்தில் பெரிய சொல்லைப் போடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். எந்தக் குரலில் ஆரம்பித்தோமோ அதே குரலில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து வந்த வரிதான் என்னை நிறுத்தியது. 'மை மதர் இஸ் அட் ஹோம், ஸோ ஷி ஹாஸ் எ லாட் ஆஃப் டைம்.'

"அம்மா வீட்டிலே இருக்கா, ஆகையினாலே அவளுக்கு நிறைய நேரம் இருக்கு" என்று தமிழில் சொன்னாள். சொன்னவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் குரலை உயர்த்தாமல் கேட்டேன்: "'ஸோ'ன்னா ஆகையினாலேதானே? முன்னாடி சொன்னது காரணம், பின்னாடி சொன்னது அதன் பலன். நான் வீட்டிலே இருக்கிறது, எனக்கு நேரம் இருக்கிறதுக்குக் காரணமா? நீயே சொல்லு."

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'ஸோ'வை அடித்துவிட்டு 'பட்' என்று எழுதினாள். 'பட்' போட்ட பிறகு பின்பாதி நிற்குமா? அதையும் மாற்றினாள். 'மை மதர் இஸ் அட் ஹோம் ஆல் டே, பட் ஷி ஹாஸ் வெரி லிட்டில் டைம் ஃபார் ஹர்ஸெல்ஃப்.' அப்படிச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டாமா? 'பிகாஸ்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "காலையிலே எத்தனை மணிக்கும்மா எழுந்திருக்கே?"

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்!

பார்த்தீர்களா? இணைப்புச் சொல் என்பது இரண்டு வாக்கியத்தைக் கட்டும் வெறும் கயிறு இல்லை. 'இதனால்தான் அது' என்று நாம் சொல்லும் சாட்சி. சாட்சி பொய்யானால் வாக்கியமே பொய்.

நம் குழந்தைகள் இதில் தடுமாற ஒரு காரணம் உண்டு. தமிழில் 'மழை பெய்ததால்', 'மழை பெய்தாலும்' என்று வினையின் வாலிலேயே காரணமும் முரணும் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் தேடிப் போட வேண்டும். சகோதரிகள் கவனிக்கச் சில குறிப்புகள்:

1. 'ஆல்தோ' என்று ஆரம்பித்தால் நடுவில் 'பட்' வரக் கூடாது. இரண்டில் ஒன்று போதும்.

2. முரண் சொல்ல 'பட்', 'ஹவ்எவர்'. பலன் சொல்ல 'ஸோ', 'தேர்ஃபோர்'. அதே பக்கத்துக்கு இன்னொன்றைச் சேர்க்க 'மோர்ஓவர்'. அழகாக இருக்கிறதே என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடக் கூடாது.

3. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' வந்தால் அதற்கு முன் வெறும் கமா போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். கமா அதற்குப் பின்னால் வரும்.

4. 'ஐ வாஸ் லேட்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, 'பிகாஸ் தி பஸ் டிட் நாட் கம்' என்று தனியே நிறுத்துவது பள்ளிக் கட்டுரையில் தப்பு. இரண்டையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும்.

5. வரிக்கு வரி இணைப்புச் சொல் வேண்டியதில்லை. தொடர்பு தானாகவே தெரிந்தால் விட்டுவிடலாம். குழம்பில் பெருங்காயம் மாதிரி, அளவோடு இருந்தால்தான் மணம்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். குழந்தையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இணைப்புச் சொல் வரும் இடத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'ஆகையால்' என்று வரும்போது, "அப்படியா? எதனால்?" என்று கேளுங்கள். தமிழில் நிற்காத நியாயம் ஆங்கிலத்திலும் நிற்காது. அதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம். காய்கறிக்காரரின் கணக்கைச் சரிபார்க்கிற நமக்கு அது கைவந்த கலை.

திருத்தி எழுதிய கட்டுரைக்கு எத்தனை மார்க் என்கிறீர்களா? பதினைந்து. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த 'பிகாஸு'க்குப் பின்னால் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அன்று ராத்திரி நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நான் அலம்பித் தரேம்மா, நீ கொஞ்சம் உட்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.