கண்ட்ரோலை விட்டால் போச்சு

கல்யாண வீட்டுப் படங்கள் இருநூறு ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. அதில் முப்பதை மட்டும் பொறுக்கி, பென்டிரைவில் போட்டு அத்தையிடம் கொடுக்க வேண்டும். இடக்கை கண்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, வலக்கை மவுஸால் ஒவ்வொரு படமாகத் தட்டிக்கொண்டு போகிறீர்கள். இருபத்தேழாவது படத்துக்கு வரும்போது வாட்ஸ்அப் மணி அடிக்கிறது. இடக்கை விரல் ஒரு நொடி எழும்பிவிடுகிறது, அதற்குள் வலக்கை தட்டிவிடுகிறது. அவ்வளவுதான். இருபத்தாறு நீலக் கட்டங்களும் மாயமாகி, கடைசியாகத் தொட்ட ஒன்று மட்டும் நீலமாக நிற்கிறது.

இதையே கைத்தொலைபேசியில் செய்து பாருங்கள். முதல் படத்தைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் போதும், மூலையில் டிக் விழும். அதற்குப் பிறகு தொடுவதெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். தப்பான படத்தைத் தொட்டுவிட்டால், மறுபடி தொட்டு அதை மட்டும் விலக்கலாம். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் கொட்டாவி விடலாம், பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுத்துவிட்டும் வரலாம்.

கணினியில் கதை தலைகீழ். அங்கே ஒரு தட்டு என்றால், 'முன்பு எடுத்ததையெல்லாம் மறந்துவிடு, இது மட்டும் போதும்' என்று பொருள். 'இதையும் சேர்த்துக்கொள்' என்று சொல்வதற்குத்தான் இன்னொரு கை வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தேடினால் சுவையான கதை கிடைக்கிறது. 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் என்ற அலுவலகக் கணினியின் மவுஸில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இடது பொத்தான் தேர்ந்தெடுக்க, வலது பொத்தான் அந்தத் தேர்வை நீட்டிக்க. எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதைக்கூட அவர்கள் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பல முறைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே முடிவு செய்தார்கள். அடுத்து 1983-ல் லிசா, 1984-ல் மெக்கிண்டாஷ் என்று வந்த ஆப்பிள் கணினிகளின் மவுஸில் ஒரே பொத்தான்தான். குழப்பம் வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் இரண்டாவது பொத்தானின் வேலை விசைப்பலகைக்குப் போய்விட்டது. விண்டோஸில் வலது பொத்தான் உண்டு. அதற்கோ பட்டியல் காட்டும் வேலை வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு கையால் முடிந்திருக்கக்கூடிய காரியம் இரண்டு கை வேலையாகவே நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டாக யாரும் அதைத் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மறைவதோடு தொல்லை முடிந்தாலும் பரவாயில்லை. விண்டோஸில், பொத்தானை அழுத்தியபடி மவுஸ் 4 பிக்சல் நகர்ந்துவிட்டால் அதைத் தட்டலாகக் கணினி எடுத்துக்கொள்வதில்லை, இழுத்தலாக எடுத்துக்கொள்கிறது. சாதாரணத் திரையில் 4 பிக்சல் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழுப்பதற்கு அங்கே 'நகல் எடு' என்று அர்த்தம். எனவே தேர்ந்தெடுக்கும்போது கை லேசாக நழுவினால், அதுவரை தேர்ந்தெடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் அதே கோப்புறையில் ஒவ்வொரு நகல் முளைக்கும். 'காப்பி' என்று பெயர் ஒட்டிய படங்கள் உங்கள் கணினியில் எங்கிருந்தோ வந்து குவிந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இந்த ஒரு மில்லிமீட்டர்தான். அந்த அளவைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு. ஆனால் வழக்கமான அமைப்புப் பக்கங்கள் எதிலும் அது இல்லை. ரெஜிஸ்ட்ரி என்ற, கை வைக்கவே பயப்படும் இடத்துக்குள் போய் எண்ணை மாற்ற வேண்டும்.

என் பெரியப்பாவுக்குக் கை நடுக்கம். சென்ற ஆண்டு பெரியம்மா தவறியபோது, பதினாறாம் நாள் பிரார்த்தனையில் திரையிட நாற்பது படங்களைத் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். மகன் எல்லாப் படங்களையும் மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தான். அதில் என்ன மென்பொருள் என்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை, எல்லாவற்றிலும் இதே கூத்துதான். முன்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தார். மூன்று முறை ஆரம்பித்தார். மூன்று முறையும் பாதியில் எல்லாம் போய்விட்டது. நான் பக்கத்தில் போனபோது மூடியை மூடிவிட்டு, "எனக்குக் கை ஆடுதும்மா, நீங்களே பார்த்து எடுங்க" என்றார்.

நாங்களே எடுத்தோம். அழகான படங்கள்தான், எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் திரையில் ஓடியது பிள்ளைகள் பார்த்த பெரியம்மா, அவர் பார்த்த பெரியம்மா இல்லை. அவர் எந்தெந்தப் படங்களைத் தட்டி வைத்திருந்தார் என்று அந்த மடிக்கணினிக்கும் நினைவில்லை.

பழி தன் கைமேல்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அமெரிக்க ஆய்வாளர் டோனால்ட் நார்மன் 1988-ல் எழுதிய, இப்போது 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் நூலில் இதைத்தான் விளக்குகிறார். பொருளைச் செய்தவர் விட்ட குறைக்கு, பயன்படுத்துபவர் தன்னையே நொந்துகொள்கிறார். கதவில் கைப்பிடியை வைத்துவிட்டுத் தள்ளச் சொன்னால், இழுப்பவர் முட்டாளா? கணினியில் ஒரு கோப்பை அழித்தால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தி மீட்கலாம். பெயரை மாற்றினாலும் மீட்கலாம், இடம் மாற்றினாலும் மீட்கலாம். அரை மணி நேரம் கண் வலிக்கத் தேர்ந்தெடுத்ததை மீட்க மட்டும் வழி வைக்கவில்லை. அது உழைப்பாக யார் கண்ணிலும் படவே இல்லை போலும்.

வைத்திருக்கும் சில வசதிகளும் ஒளிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 11 என்றால், கோப்புறையின் மேலே வியூ, அதில் ஷோ, அதற்குள் ஐட்டம் செக் பாக்சஸ். விண்டோஸ் 10-ல் வியூ பகுதியிலேயே இருக்கும். அதை ஒருமுறை போட்டுவிட்டால், மவுஸைக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் சிறு கட்டம் தெரியும். கட்டத்தைத் தட்டினால் கண்ட்ரோல் இல்லாமலே சேரும், ஒரு கை போதும். ஆனால் இது பாதி மருந்துதான். கட்டத்தை விட்டு வெற்றிடத்தைத் தட்டினால் பழையபடி எல்லாம் போய்விடும். அதனால் பத்துப் பத்தாக எடுத்து, வேறொரு கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொண்டே போவது நல்லது. எங்கள் வானொலி நிலையத்தில் நேயர்களின் குரல் பதிவுகளைப் பொறுக்கும்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். போனால் பத்துதான் போகும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 2013-லிருந்து அதில் டேக் என்ற வண்ணப் பொட்டுகள் உண்டு. பிடித்த படத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, நாளைக்கு வந்து தொடரலாம். பக்கப் பட்டியலில் சிவப்பைத் தட்டினால் பொட்டு வைத்ததெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பெரியப்பா போன்றவர்களுக்கு இதுதான் சரி.

இன்னொன்று ஸ்டிக்கி கீஸ். ஷிப்ட் பொத்தானை ஐந்து முறை தட்டினால் திடீரென்று ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்குமே, பலரும் எரிச்சலோடு மூடிவிடுவார்களே, அதேதான். கை முடியாதவர்களுக்காக வைத்தது அது. 'யெஸ்' கொடுத்துவிட்டு, கண்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் அது அழுத்திய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். இடக்கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, விரல் எழும்பிவிடும் என்ற பயமும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் தொல்லை மட்டும் அப்படியே இருக்கும், ஆகவே மவுஸை அழுத்திய கையை இழுக்காமல் எடுக்கப் பழக வேண்டும். வேலை முடிந்ததும் மூன்றாவது முறை கண்ட்ரோலைத் தட்டிப் பூட்டைத் திறந்துவிடுங்கள். மறந்துபோய், அத்தைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து டபிள்யூவைத் தட்டினால், சன்னலே மூடிக்கொள்ளும்.