'புரொஃபஷனல்' என்பது பெட்டியா, ஆளா?

ஜெல் நகப்பூச்சுப் பெட்டியை இணையத்தில் வரவழைத்து, விடுதி அறையிலேயே விளக்கின்கீழ் விரல்களை நீட்டி, அழகு நிலையச் செலவை மிச்சப்படுத்துவது குறித்து நம் ஆய்வு மாணவர் வட்டத்தில் அண்மைக்காலமாக ஒரு பெருமிதம் தென்படுகிறது. அதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத ஒருவர் சிக்கனத்தைக் குறைசொல்ல என்ன தகுதி இருக்கிறது? ஆனால் இதற்கு 'அழகின் ஜனநாயகப்படுத்தல்' என்றும் 'பிறர் உழைப்பைச் சுரண்டாத தன்னிறைவு' என்றும் கோட்பாட்டு முலாம் பூசப்படுகிறது. அந்த முலாமைச் சற்றே சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றி. சாதாரண நகப்பூச்சு உலர்கிறது. கரைப்பான் ஆவியாகிறது, நிறம் நகத்தில் தங்குகிறது. அதை வீட்டில் பூசிக்கொள்ள எவருடைய தேர்ச்சியும் வேண்டியதில்லை. ஜெல் பூச்சு அவ்வாறு உலர்வதில்லை. அதிலுள்ள மெத்தக்ரிலேட் வகை மூலக்கூறுகள் ஒளி பட்டு ஒன்றோடொன்று பிணைந்து, சங்கிலியாகி, இறுகுகின்றன. விரல் நுனியில் ஒரு வேதிவினை நடக்கிறது என்பதே இதன் பொருள். விளக்கின் அலைநீளமும் செறிவும் அந்தப் பூச்சுக்குப் பொருந்த வேண்டும்; தடிமன் அளவோடு இருக்க வேண்டும்; நேரம் குறையக் கூடாது. பொருந்தாவிட்டால் மேற்பரப்பு பளபளவென்று இறுகியிருக்கும். அடியில் வினைபுரியாத மூலக்கூறுகள் எஞ்சியிருக்கும். வெறும் கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. பழக்கமற்ற கை தூரிகையைப் பிடிக்கும்போது பூச்சு நகத்தைத் தாண்டி ஓரத்தோலில் வழிவதும், அதைத் துடைக்காமலேயே விளக்கின்கீழ் வைப்பதும் இயல்பாக நடப்பவை. ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம் இவ்வாறு தோலில் மீண்டும் மீண்டும் படும்போது ஒவ்வாமை உண்டாகலாம். உண்டானால் அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். பல்லில் வைக்கும் வெள்ளை அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்பை ஒட்டவைக்கும் சிமெண்டிலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில் மிச்சப்படுத்திய பணத்துக்கு அறுபது வயதில் கணக்குக் கேட்கப்படலாம்.

இது என் கற்பனையன்று. பிரிட்டனின் தோல்மருத்துவர் சங்கம் 2018இல் இந்த ஒவ்வாமை குறித்து எச்சரித்தபோது வீட்டு உபயோகப் பெட்டிகளைத் தனியே சுட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியவை என வரையறுத்து, அந்தச் சொற்களையும் ஒவ்வாமை எச்சரிக்கையையும் பொதியின்மீதே அச்சிட வைத்தது. ஒளிபட்டு வினையைத் தொடக்கிவைக்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுப்பொருள்களில் முற்றாகவே விலக்கிவிட்டார்கள். நம் இணையச் சந்தையிலோ விளக்கும் எட்டுக் குப்பிகளும் அராவும் சேர்ந்த பெட்டி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான் பார்த்தவற்றில் பலவற்றின் விற்பனைப் பக்கத்தில் உட்பொருள் பட்டியலே இல்லை. 'சலூன் தரம்', 'புரொஃபஷனல் கிட்' என்ற சொற்கள் மட்டும் தவறாமல் இருக்கின்றன.

மொழியியல் படித்தவளுக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது. கருத்தாவாகுபெயரைப் பள்ளியில் படித்திருப்போம்: 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்றால் செய்தவரின் பெயர் செய்த நூலுக்கு ஆகிவருகிறது. அங்கே ஆசிரியர் மறைவதில்லை, பெருமையோடு நிற்கிறார். 'புரொஃபஷனல் கிட்' என்பதிலோ செய்பவரின் தகுதி பெட்டிக்கு ஆகிவருகிறது, செய்பவர் காணாமற்போகிறார். ஐரோப்பாவில் அச்சொல் பயிற்சி பெறாதவரை விலக்கும் எச்சரிக்கை. இங்கே அது பயிற்சி தேவையில்லை என்று ஆசைகாட்டும் விளம்பரம். ஒரே சொல், நேரெதிர்ப் பயன்.

நம் அன்றாடத் தமிழும் இதில் நிரபராதி அன்று. 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியவர் வேறொருவர், வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை. 'கொள்' என்ற துணைவினை அவர் வேலையை நம் கணக்கில் எழுதிவிடுகிறது. நான் வாழும் டெல்லியின் இந்தியில் நெயில்ஸ் 'கர்வாயே' என்று பிறவினையில் சொல்கிறார்கள். யாரோ ஒருவரைக்கொண்டு செய்வித்தது என்ற தடமாவது அங்கே மிஞ்சுகிறது. (இலக்கணம் சமூகத்தை அப்படியே படம்பிடிக்கிறது என்று நான் வாதிடவில்லை. இந்தி பேசுவோர் நகக்கலைஞர்களை மேலாக நடத்துகிறார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.)

அந்த 'யாரோ ஒருவர்' யார்? டெல்லியின் நகக்கலை நிலையங்களில் கணிசமானோர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள். முனிர்காவிலும் ஹுமாயூன்பூரிலும் ஓர் அறையை மூவர் பகிர்ந்து வாழ்பவர்கள். தெருவில் அவர்களுடைய முகத்தைப் பார்த்து இழிசொல் வீசும் நகரம், நிலையத்துக்குள் அதே முகத்தைக் 'கொரிய அழகு' என்று விற்கிறது. எனக்குத் தெரிந்த மணிப்பூர்ப் பெண் ஒருவர் நகத்தைத் தொட்டவுடன் சொல்லிவிடுவார்: இதை முன்பு யாரோ பிய்த்து எடுத்திருக்கிறார்கள், மேலடுக்கு உரிந்திருக்கிறது, இன்றைக்குப் பூச வேண்டாம், இரண்டு மாதம் விடுங்கள். வந்த வருமானத்தைத் திருப்பியனுப்பும் அந்தத் தீர்ப்பு எந்தப் பெட்டியிலும் அடைத்து வருவதில்லை. ஆனால் அவரிடம் வருவோர் இப்போது கைப்பேசியைக் காட்டி, "முழுப் பெட்டியே இவ்வளவுதானே, நீங்கள் ஏன் இத்தனை கேட்கிறீர்கள்?" என்று பேரம் பேசுகிறார்கள். பெட்டியைப் பிய்த்துக் காயப்பட்ட பின் வருவோரும் அவர்களே. பழுதுபார்க்கும் வேலை கூடுகிறது, கூலி இறங்குகிறது.

இனி, 'சுரண்டாத தன்னிறைவு' என்ற வாதம். இன்னொரு பெண் குனிந்து நம் கால்விரல்களைத் தொட்டு வேலை செய்வது கூச்சம் தருகிறது, அதனால் நானே செய்துகொள்கிறேன் என்கிறார்கள். கூச்சம் நியாயமானது. வட இந்தியத் திருமணச் சடங்குகளில் நகம் வெட்டி, பாதத்துக்குச் செஞ்சாயம் தீட்டும் பணி நாவிதர் குலப் பெண்ணுடையது. 'நஹ்சூ' என்ற அச்சடங்கைப் பாடி துளசிதாசர் ஒரு சிறுநூலே இயற்றியிருக்கிறார். சடங்குக்கு அவள் இன்றியமையாதவள், சமூகப் படிநிலையில் தாழ்ந்தவள். வெட்டிய நகமும் தீட்டு, வெட்டியவளும் தீட்டு. இந்த வரலாறு தெரிந்தவர் கூசத்தான் வேண்டும். ஆனால் பெட்டி வாங்குவதால் ஒழிவது அந்த இழிவா, அந்தக் கூலியா? தொடுகை இழிவு என்ற எண்ணத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, தொடுகின்றவளை மட்டும் நீக்குவது சாதி எதிர்ப்பு ஆகாது. மிலியன் காங் நியூயார்க்கின் கொரிய நக நிலையங்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட 'தி மேனேஜ்ட் ஹேண்ட்' நம் பாடத்திட்டங்களில் இருக்கிறது, கருத்தரங்குகளில் மேற்கோளாகிறது. நியூயார்க்கின் நகக்கலைஞரிடம் திறனையும் உணர்ச்சி உழைப்பையும் கண்டவர்களுக்கு முனிர்காவில் வெறும் 'செலவு' தெரிவது எப்படி?

நிலையங்களைப் புனிதப்படுத்துவது என் நோக்கமன்று. இந்தச் சேர்மங்களால் முதலில் தோல் வெடிப்பது வாடிக்கையாளருக்கன்று, நாள் முழுவதும் அவற்றோடு இருக்கும் கலைஞருக்கே. காற்றோட்டமில்லாத அடித்தளக் கடைகளில், அராவிய தூசியை மூச்சில் இழுத்தபடி வேலை நடக்கிறது. மலிவான பெயரற்ற குப்பியை வாங்கி, பெயருள்ள குப்பியின் கட்டணத்தை வசூலிக்கும் முதலாளிகளும் உண்டு. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் அமர்ந்து போராடியது நிறுவனம் பிடித்துக்கொள்ளும் பங்கு குறித்தே. அதே ஆண்டு டிசம்பரில் போராடியவர்கள்மீது நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகவே, 'பெட்டியை விட்டு நிலையத்துக்குப் போங்கள்' என்று நான் யாருக்கும் உபதேசிக்கவில்லை. வண்ணப்பூச்சை வீட்டில் பூசுங்கள், ஒட்டும் நகங்களை ஒட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

என் ஆட்சேபம் ஹெமா கலந்த ஜெல்லும் பொருந்தாத விளக்கும் எவ்விதக் கட்டுப்பாடுமின்றி எல்லோர் கைக்கும் வருவதன்மீது. அந்த மலிவு, பயின்ற ஒருவரின் கூலியை அளக்கும் அளவுகோலாவதன்மீது. உட்பொருள் பட்டியல் இல்லாமல் இவற்றை விற்கும் இணையச் சந்தையைப் பொறுப்பாக்க வேண்டும். எச்சரிக்கை வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும். ஒவ்வாமையால் தொழிலை விட நேரும் நகக்கலைஞருக்கு அதைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு தர வேண்டும். உழைப்பு, பாலினம் குறித்து ஆய்வு செய்யும் நண்பர்கள் இம்மூன்றில் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டால், வடகிழக்குப் பெண்களின் வாடகை அறைகள் பல்கலைக்கழக வாயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஞாயிறு அன்று போகாதீர்கள். அன்றுதான் அவர்களுக்கு வேலை அதிகம்.